இன்னைக்கே பதியணும்

இல்லைங்க, அந்த நம்பர் எனக்கு அடுத்தது. நான் கதவு திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னவன். இந்த பெஞ்சுக்கும் எனக்கும் இப்பல்லாம் சொந்தமே ஆயிடுச்சு. அந்த ஓரத்துல உக்காராதீங்க தம்பி, கால் ஆடுது. இப்படி வாங்க.

பெருசா ஒண்ணுமில்ல. ஒரே ஒரு வீடு, நானே கட்டினது. அதை மருமக பேருக்கு எழுதிப் பதியணும். இந்த ஒரு வேலைக்கு என்னைப் போட்டு அலைக்கழிக்கறாங்க பாருங்க. மொத தடவை வந்தப்ப, பழைய பத்திரத்துல எங்கப்பா பேர் ஒரு மாதிரி இருக்கு, அடையாள அட்டையில வேற மாதிரி இருக்குன்னாங்க. ரெண்டும் ஒரே ஆளுதாங்கன்னேன். அவரே சொன்னாத்தான் நம்புவாங்க போல. அவர் போய்ச் சேந்து எவ்வளவோ காலமாச்சு, எங்கேர்ந்து கூட்டியாறது? கடைசியில ஒரே ஆளுன்னு இன்னொரு ஆபீசுல சர்டிபிகேட் வாங்கிட்டு வந்தேன்.

அடுத்தாப்ல கிணறு. வீட்டுக்கு வடக்க கிணறுன்னு பத்திரத்துல இருக்கு. அதை எப்பவோ மூடிட்டாங்க, மேல கடை கட்டி இப்ப ஒருத்தர் சலூன் வெச்சிருக்காரு. கிணறு எங்கேன்னு கேக்கறாரு அதிகாரி. சலூன்காரர் நாற்காலிக்குக் கீழ இருக்குங்கன்னேன். பின்னால நின்னவங்க சிரிச்சுட்டாங்க. அவருக்கு சுர்ருன்னு வந்துடுச்சு, எல்லையை ஒழுங்கா எழுதிட்டு வாங்கன்னு பேப்பரை இந்தப் பக்கம் தள்ளிட்டாரு.

அப்புறம் அந்த ரேகை மெஷின். நான் மொசைக் தரை தேய்க்கிற வேலை பார்த்தவன். இந்தா, இந்த விரலைத் தொட்டுப் பாருங்க. வழவழன்னு இருக்கா? ரேகையெல்லாம் அடுத்தவங்க வீட்டுத் தரையிலயே போயிடுச்சு. மெஷின்கிட்ட உக்காந்திருக்கற பொண்ணும் தொடைச்சு வைங்க, அழுத்தி வைங்க, அந்தக் கையை வைங்கன்னு பாவம் என்னென்னவோ பண்ணுது. முழு மனுஷன் முன்னாடி உக்காந்திருக்கேன், மெஷின் ஆளே இல்லைங்குது. ஒரு வழியா கண்ணைப் படம் பிடிச்சு ஒத்துக்கிச்சு. ஒத்துக்கிட்டதும் கரண்ட் போயிடுச்சு.

நீங்க சிரிக்கறீங்க. எனக்கு வயிறு எரியுது.

இன்னைக்கு எல்லாமே சரி. பேர் சரி, எல்லை சரி, கரண்ட்டும் இருக்கு. சாட்சிக்கு ஒரு ஆள் குறையுது. அதோ கதவுகிட்ட நிக்கறாரே, அவர் எங்க தெரு மாவு மில்காரர், அவர் ஒண்ணு. இன்னொண்ணுக்கு வரேன்னு சொன்ன என் மச்சினன் போனை அணைச்சுட்டு எங்கயோ உக்காந்திருக்கான்.

ஆமாங்க, அதைத்தான் சுத்தி வளைச்சுக் கேக்கறேன். நீங்க சாட்சிக் கையெழுத்து போடுவீங்களா? அட்டை கையில இருக்கும்ல?

யோசிக்கத்தான் செய்வீங்க. முன்னப்பின்ன தெரியாதவன் கேட்டா நானும் யோசிப்பேன். சொந்தக்காரங்க ஏன் வரலைன்னு தெரியணும், அவ்வளவுதானே?

எனக்கு மகன் ஒருத்தன்தான். வேலைன்னு வெளியூர் போனவன் அங்க இன்னொரு குடும்பம் வெச்சுக்கிட்டான். எங்ககிட்ட வந்து சொல்லலை, ஊர் சொல்லித்தான் தெரியும். மருமக ஒரு வார்த்தை கேக்கலை. துணி கம்பெனிக்கு வேலைக்குப் போறா, பேத்தியைப் படிக்க வெக்கறா, எனக்கும் சோறு போடறா. ஒரு மாடிப்படி தேய்க்கறப்ப வழுக்கி விழுந்து இடுப்பு உடைஞ்சு கிடந்தேன். எல்லாமே படுக்கையிலதான். மருமக முன்னாடி எப்படிங்க? அடக்கி அடக்கி முகமெல்லாம் வேர்த்துப்போய் கிடந்தேன். அவ வந்து நின்னா. மாமா, நீங்க கண்ணை மூடிக்கங்க, நான் இந்தப் பக்கம் பார்த்துக்கறேன், யாரும் யாரையும் பாக்கலைன்னா. அப்படியேதான் எழுந்து நடக்கற வரைக்கும் பார்த்துக்கிட்டா.

அவளும் பேத்தியும் இருக்கற அந்த வீட்டைத்தான் அவன் விக்கப் பாக்கறான். வாங்க ஆளே பார்த்துட்டானாம், நான் கையெழுத்து போட வேண்டியதுதான் பாக்கியாம். ஆம்பளைப் பிள்ளை இருக்கறப்ப வந்தவளுக்கு எழுதறதாங்கறான் மச்சினன். சொந்தம் மொத்தமும் அதைத்தான் சொல்லுது. ஏன், இவளே வேணாம் மாமான்னுதான் சொன்னா. நீ வராம நான் சாப்பிட மாட்டேன்னு படுத்துட்டேன், அப்புறம்தான் கிளம்பினா. ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கா, வந்துடுவா.

அடுத்த வாரமா? பத்திரம் எழுதறவரும் அதைத்தான் சொன்னாரு, மச்சினனைச் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வாங்கன்னு. முடியாதுங்க. இன்னைக்கே ஆகணும்.

சேச்சே, அவன்கிட்ட எனக்கென்ன பயம். கை ஓங்கற பிள்ளை இல்லை. சத்தம்கூடப் போட மாட்டான்.

அதோ, கூப்பிடறாங்க. இவளும் வந்துட்டா பாருங்க, குடையோட. அட்டையை எடுத்தீங்களா? நல்லா இருப்பீங்க தம்பி. அவ முன்னாடி போகட்டும், நாம மெதுவா போவோம். இது அவ காதுல விழ வேணாம்.

நேத்து அவன் போன் பண்ணினான். இன்னைக்குச் சாயங்கால வண்டியில வர்றானாம். வீட்டை முடிச்சுட்டு உங்களை என்கூடவே கூட்டிட்டுப் போயிடறேன்பா, இனிமே நீங்க தனியாக் கிடக்க வேணாம்னான். தனியாவாம். பொய்தான், எனக்குத் தெரியாதா. ஆனா கேட்டதும் சந்தோஷமா இருந்துச்சு தம்பி. போனை வெச்சுட்டு, என்னையும் அறியாம ரெண்டு சட்டையை மடிச்சுப் பையில வெச்சுட்டேன்.

அதான், அவன் வர்றதுக்குள்ள. பார்த்து வாங்க, இங்க ஒரு படி இருக்கு.