சேலைக்கு அடியில் வைத்த உறுதி

— அலுமாரிட இந்தத் தட்டுலயும் இல்ல, உம்மா. காணி உறுதிய வேற எங்க வச்சீங்க?

— மெல்லப் பேசு, றினோஸ். பக்கத்து ஊட்டு முனவ்வரா காதுல விழுந்தா பள்ளிவாசல் வரைக்கும் போயிரும். சேலைக்கு அடியில தான் வச்சேன், யா அல்லாஹ்!

— வேங்க்ல இருந்து ஒரு ஆள் பத்து மணிக்கு வாறாரு. உறுதியப் பாக்காம லோன் குடுக்க மாட்டாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள சல்லி கட்டாட்டி கெம்பஸ்ல என் பேர வெட்டிருவாங்க.

— அதுக்குள்ள ஒங்க வாப்பா வந்துட்டா?

— மாத்தளைக்குப் போய் மிளகு நிறுத்துப் போட்டுட்டு பல்லேபொல பஸ் புடிச்சு வர பகல் சாப்பாட்டு நேரமாகும்.

— போன ஜும்ஆ முடிய எழும்பி என்ன சொன்னாரு? வட்டிக்கு வாங்குறவன் என் ஊட்டுல சோறு திங்க வேணாம்னு. பள்ளி நிர்வாகத்துல இருக்கிற மனுசன், மகன்.

— வட்டியில்லாமக் கேட்டு யார்கிட்ட போகல்ல? ஹாஷிம் மாமா டீ குடுத்து அனுப்பிட்டாரு. சீனியும் இல்லாம.

— சிரிக்காத. நீ கட்டாட்டி இந்தக் கூரையும் போயிரும்.

— கட்டுவேன் உம்மா. காணி ஒங்கட பேருல தானே? ஒங்கட வாப்பா சீதனமாக் குடுத்தது.

— பேரு என்னது தான். முப்பது வருஷத்துல அவருக்குத் தெரியாம ஒரு கடதாசியில கையெழுத்து வச்சதில்ல. அவரு காட்டின எடத்துல வைப்பேன். கடைசியா மிளகு மானியத்துக்குன்னு உறுதி எழுதுற நொத்தாரிஸ்கிட்ட கூட்டிட்டுப் போனாரு.

— மானியத்துக்கு நொத்தாரிஸா?

— சிங்களத்துல அடிச்சிருந்திச்சு, எனக்கு எங்க வாசிக்கத் தெரியும்? ஒன் ராத்தா மர்வாட கடைசி வருஷம் அது. மிளகு வித்தே அவளப் படிப்பிச்சு முடிச்சாரு. ஒரு சதம் வட்டியில்லாம, அல்ஹம்துலில்லாஹ்.

— அந்த வருஷம் மழைக்கு மிளகெல்லாம் உதிர்ந்து போச்சே, உம்மா. நான் தானே கூட்டி அள்ளினேன்.

— இல்லயே, அவரு தான்... ஐயோ, வாசல்ல ஆட்டோ. வாப்பா! அலுமாரிய மூடு, மகன், மூடு!... இந்நேரத்துல எப்படி வந்தீங்க? நான் சும்மா, சேலை அடுக்கிக்கிட்டு...

— தேடாத, உம்மு குல்தூம். பத்து மணிக்கு யாரும் வர மாட்டாங்க. றினோஸ், அந்தக் கதவச் சாத்து, முனவ்வராக்குக் கேட்டுரும். வேங்க்ல இருந்து எனக்குத் தான் போன்ல கோல் எடுத்தாங்க: முதலாளி, மூத்த மகள்ட படிப்புக்கு எங்ககிட்ட ஈடு வச்ச காணிய எப்படி இன்னொரு தரம் ஈடு வைக்கிறதுன்னு.