பள்ளிக்கூடத்துக்குப் பொருத்தம் பார்க்கலாமா?

மணியில் ஒரு கையும் நேரத்தில் ஒரு கண்ணுமாக வீற்றிருக்கும் தலைவர் அருள்நேசன் அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் மூத்தோரே, பிள்ளைகளின் ஆட்ட உடைகளை மடியில் மடித்து வைத்திருக்கும் தாய்மாரே, இருக்கை இருந்தும் சுவரோரம் நிற்கும் தந்தையரே, இல்ஃபோர்ட் தமிழ்ப் பள்ளியின் ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

"அரசு தரும் பள்ளித் தரத்தைப் பார்த்து வீடு மாறலாமா?" என்று தலைப்புத் தந்தார்கள். ஆம் என்று பேசுவதா, இல்லை என்று பேசுவதா என்று கேட்டேன். "நீங்கள் படிச்ச ஆள், உங்களுக்குத் தெரியாததோ?" என்றார் தலைவர். தெரியாது, ஐயா! படித்தேன், பட்டம் பெற்றேன், பல்கலைக்கழகத்தில் எதையும் சந்தேகிக்கப் பழகினேன். பழகிய பழக்கத்தால் இன்று என்னையே சந்தேகித்துக்கொண்டு நிற்கிறேன்.

சிரிக்கிறீர்கள். என் தம்பி தர்சிகன் மட்டும் சிரிக்கவில்லை. மூன்றாம் வரிசையில் இருக்கிறான். செவன் கிங்ஸ் பகுதியில் இருக்கும் தன் வீட்டை விற்பதா, வைத்திருப்பதா என்று திங்கட்கிழமை அவன் சொல்லியாக வேண்டும். வாங்குபவர் காத்திருக்கிறார். அக்கா சொல்வதுதான் முடிவு என்கிறான். அவனுடைய சம்மதத்தோடுதான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

அந்த வீட்டுக்கு அவன் ஏன் போனான்? அறை பெரிதென்றா? இல்லை. அயல் நல்லதென்றா? இல்லை. ரயிலுக்குப் பக்கமென்றா? இல்லவே இல்லை! அருகிலிருந்த பள்ளிக்கு, பள்ளிகளைப் பரிசோதிக்கும் அரசு அமைப்பான ஒஃப்ஸ்டெட் கொடுத்திருந்த ஒரே சொல்: அவுட்ஸ்டாண்டிங், அதாவது மிகச் சிறப்பு. அந்தச் சொல்லை நம்பிப் பால் காய்ச்சிக் குடிபுகுந்தார்கள். அடுத்த ஆண்டே பரிசோதகர்கள் மறுபடி வந்தார்கள். தரம் ஒரு படி இறங்கியது.

"நாங்கள் வந்த உடனேயே இறங்கிட்டுது, அக்கா" என்று தம்பி தலையில் கை வைத்தான்.

"எல்லாம் உங்கட ராசி" என்றாள் அவன் மனைவி சயந்தினி.

அதே வாசல், அதே வகுப்பறை, அதே ஆசிரியர்கள். நேற்று மாணிக்கமாக இருந்தது இன்று மண்ணாகிவிட்டதா? அல்லது நேற்றும் மண்தானா? நான் அறியேன்.

பிறகு அரசு அந்த ஒற்றைச் சொல்லையே கைவிட்டது. எந்தச் சொல்லுக்காக வீடு மாறினார்களோ அந்தச் சொல் போய்விட்டது. வீடு மட்டும் நிற்கிறது! இப்போது வருவது பல கட்டங்களும் பல நிறங்களும் கொண்ட அட்டை. தூரத்து உயர்பள்ளி ஒன்றின் பக்கத்தில் குடியேறத்தான் இப்போது வீட்டை விற்கும் யோசனை; அதன் அட்டையை என் மேசையில் விரித்துத் தம்பி விரல்விட்டு எண்ணினான்.

"அஞ்சு பொருந்துது, அக்கா. ஒண்டுதான் இடிக்குது. செய்யலாமோ?"

"கலியாணமோடா பேசிறாய்?" என்றேன்.

அப்படியானால் அட்டையைக் கிழித்தெறியுங்கள் என்று முழங்கட்டுமா? கைதட்டாதீர்கள், பொறுங்கள். நோர்பரியில் எனக்கு மெற்றில்டா என்று ஒரு தோழி. தரம் எதையும் பாராமல் மகனைத் தெருக்கோடிப் பள்ளிக்கு அனுப்பினாள். கணிதத்துக்கு இன்று ஒருவர், நாளை வேறொருவர். மகன் சொல்லவில்லை, பள்ளி சொல்லவில்லை, பரிசோதகர்கள் எப்போதோ எழுதி வைத்திருந்தார்கள். "எல்லாரும் வாசிச்சவை, நான் ஒருத்திதான் வாசிக்கேல்லை" என்று அழுதாள். அந்தக் கண்ணீருக்கு முன்னால் என் சந்தேகம் வாயடைத்துப்போனது. ஆனால் வாசித்திருந்தால் மட்டும் அவளால் வீடு மாறியிருக்க முடியுமா? மாற முடிந்தவர்கள் எல்லாம் மாறிப்போனால், மிஞ்சிய பள்ளியில் மிஞ்சிய பிள்ளைகளுக்கு யார் துணை?

என்ன ஐயா, பின்வரிசையில்? "அப்ப விக்கிறதோ, வைக்கிறதோ?" என்கிறீர்களா? அதைத்தான் நானும் தேடுகிறேன்.

தம்பியின் மகள் ஜதுர்ஷிகா, வரும் செப்டம்பரில் உயர்பள்ளிக்குப் போகிறவள். வாய் திறக்க நாளெடுக்கும் பிள்ளை. இப்போதைய பள்ளியில் முதலாண்டு முழுவதும் மௌனம். பிறகு ஒரு தோழி கிடைத்தாள், பேச்சும் கிடைத்தது. சற்றுமுன் இதே மேடையில் கவிதை சொன்னது அவள்தான். போன வாரம் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள், தமிழில் சொல்கிறேன்: "மாமி, அந்தப் பள்ளிக்கூடத்தில பேசாம இருந்தால் ஏசுவினமோ?"

அட்டையைத் தேடினேன். வருகைக்கு ஒரு கட்டம், அடைவுக்கு ஒரு கட்டம், தலைமைத்துவத்துக்கு ஒரு கட்டம். எல்லாரையும் அரவணைப்பதற்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. அவள் கேள்விக்கு விடை இல்லை.

அவையோரே, எனக்குச் சாதகத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் உங்களைக் கேட்கிறேன்: பொருத்தம் பார்க்க எத்தனை குறிப்பு வேண்டும்? சத்தமாகச் சொல்லுங்கள். இரண்டு! மாப்பிள்ளையின் குறிப்பை மட்டும் வைத்து நாள் குறிப்போமா? பள்ளியின் குறிப்பை எழுத்தெழுத்தாகப் படிக்கிறோமே, பிள்ளையின் குறிப்பை யார் விரித்தது? யார் வாசித்தது? யார் கேட்டது?

தம்பி, வீட்டை விற்கலாமா என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. மேடையிலும் தெரியாது; இறங்கிய பிறகும் தெரியாது. அட்டையை வாசி, வாசிக்காமல் விடாதே. பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு போய், பள்ளி விடும் நேரத்தில் அந்த உயர்பள்ளி வாசலில் நில். திங்கட்கிழமை வாங்குபவர் கேட்டால், "இன்னும் ஒருவரைக் கேட்கவில்லை" என்று சொல்.

மணி அடித்துவிட்டது. அதோ, பாருங்கள்... இல்லை, திரும்பிப் பார்க்காதீர்கள், பிள்ளை கூச்சப்படும். தம்பி மகள் பக்கம் குனிந்து ஏதோ கேட்கிறான். அவள் வாய் அசைகிறது. ஒலிவாங்கி என்னிடம் இருக்கிறது. பதில் அங்கே இருக்கிறது.

ஒரு குழம்பிய மனத்தை இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு நன்றி. அவள் சொல்லி முடிக்கட்டும், நான் அமர்கிறேன். வணக்கம்.