தங்கேஸ்வரி அன்ரியின் பெயரில் தையல் மெசின் வேண்டாம்

மேடையில் இருக்கும் எங்கள் விதைமுதல் வட்டத்தின் தலைவர் அருளானந்தன் ஐயா அவர்களே, துணையை இழந்து நிற்கும் இரத்தினவேல் மாமா அவர்களே, ஹொல்ம்லியாவிலிருந்தும் திராமனிலிருந்தும் இந்த மழையில் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மாரே, மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சால்வையோடு இருக்கும் கிரேஸ் அவர்களே, உங்கள் எல்லோருக்கும் ஆரணியின் வணக்கம்.

ஒஸ்லோ முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் தங்கேஸ்வரி அன்ரியோடு வேலை செய்தவள் என்று எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். கூட்டத்தில் கதைத்துப் பழக்கமில்லை. எழுதி வந்ததை வாசிக்கிறேன். இடைக்கிடை மணிக்கூட்டைப் பார்ப்பேன், மன்னித்துக்கொள்ளுங்கள். இப்போது நாலு நாற்பது. ஐந்து மணிக்குக் கிரேஸும் நானும் மலாவி நாட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்க வேண்டும். அந்த அழைப்பில் என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியாது. அதை உங்களிடம் கேட்கத்தான் எழுந்து நிற்கிறேன்.

விதைமுதல் வட்டத்தைத் தொடங்கிய திருமதி தங்கேஸ்வரி இரத்தினவேல் அவர்கள் போன ஞாயிற்றுக்கிழமை காலை இதயம் நின்று காலமானார். ஐம்பத்து நாலு வயது. நேற்றுத் தகனம் முடிந்தது. அமைதியாக உறங்குகிறார் என்று மலர் வளையத்தில் எழுதியிருந்தது. அன்ரி அமைதியாக இருந்ததை உங்களில் யாராவது பார்த்ததுண்டா? பஸ்ஸுக்கு நிற்கும்போதும் நடந்துகொண்டு நிற்பவர் அல்லவா அவர்? வேலை இடைவேளையில் எல்லோரும் கோப்பி குடிக்க, கதிரை நுனியில் இருந்து காலை ஆட்டிக்கொண்டு, "கெதியாக் குடியுங்கோவன், என்ன பாயாசமே குடிக்கிறியள்?" என்று துரத்துபவர் அல்லவா!

படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையில் கிரேஸ், மறு முனையில் அன்ரி. இருவரும் நோர்வேஜிய மொழியில்தான் கதைப்பார்கள். இரண்டு பேருக்கும் அது அரைகுறை. ஆனால் ஒருவரின் பிழை மற்றவருக்கு நன்றாக விளங்கும். நான் அங்கே சேர்ந்தது 2005இல். அதற்கு முன் நடந்ததை, விரிப்புகளை அடுக்கிக்கொண்டே அன்ரியின் வாயால் பலமுறை கேட்டிருக்கிறேன்.

2002இல் ஒருநாள் கிரேஸ் விரிப்பைப் பிடித்தபடி அழுதாராம். மலாவியில் ஏரிக்கரைக் கிராமத்தில் அவருடைய தங்கை எஸ்நாத். புருசன் செத்துவிட்டான். நாலு பிள்ளைகள். நாளுக்கு ஒருவேளை சோளக் களி. கிரேஸ் அனுப்பும் காசு சோளமாவாகி, மாதம் முடிய முன் மாவும் முடிந்துவிடும். அன்ரி விரிப்பை அப்படியே கீழே போட்டுவிட்டுச் சொன்னாராம்: "தின்னக் குடுத்தாத் திண்டு முடியும். தொழிலுக்குக் குடுப்பம். திருப்பிக் கேட்கக் கூடாது."

அப்படித்தான் விதைமுதல் வட்டம் பிறந்தது! மே பதினேழில், நோர்வேயின் தேசிய நாளில், கொடி பிடித்துப் போகும் பிள்ளைகளுக்கு நீங்களெல்லாம் ரோல்ஸ் பொரித்து விற்றீர்கள். கடன் இல்லை, வட்டி இல்லை. ஒரு குடும்பம் தொழில் தொடங்கக் கொடுக்கும் முதல். அவ்வளவுதான்.

இனி நான் சொல்லப்போவது அன்ரியின் பெருமையல்ல, அவர் விட்ட பிழை. இரங்கல் கூட்டத்தில் பிழையைச் சொல்லலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். ஆனால் அந்தப் பிழையை இந்த மண்டபத்திலேயே எழுந்து நின்று சொன்னவர் அவர். நான் ஏன் மறைக்க வேண்டும்?

எஸ்நாத் அந்த நாளிலேயே கேட்டிருந்தாள். ஏரியில் மீன் வாங்கி, பொரித்து, பஸ் நிற்கும் சந்தியில் விற்க வேண்டும். பொரிக்க ஒரு பெரிய தாச்சி, எண்ணெய், ஒரு பழைய சைக்கிள். அன்ரி ஒத்துக்கொள்ளவில்லை. "மீனோ? ரெண்டு மழை பெய்தா அள்ளிக்கொண்டு போயிடும். புருசனில்லாத பொம்பிளைக்குத் தையல் மெசின்தான் சரி. ஆயுசுக்கும் நிக்கும்." வட்டத்தில் ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. எப்படிக் கதைப்பீர்கள்? நாங்கள் யாருக்கு உதவி செய்தாலும் தையல் மெசின்தானே! வவுனியாவுக்கும் தையல் மெசின், மன்னாருக்கும் தையல் மெசின். "அங்கை தைக்கிற ஆக்கள் கூடி, உடுப்புப் போடுற ஆக்கள் குறைஞ்சு போச்சினம்" என்று மக்டலீன் அக்கா பகிடி விடுவார். அக்கா சிரிக்கிறார். சிரியுங்கள், அன்ரியும் சிரித்தவர்தான்.

2004 கோடை விடுமுறையில் அன்ரி கிரேஸோடு மலாவிக்குப் போனார். எஸ்நாத்தின் வீட்டில், நடு அறையில், பூப்போட்ட துணியால் மூடி, மெசின் இருந்தது. துணியைத் தூக்கினால் கடையில் இருப்பது போல மினுங்கியது.

"ஏன் தைக்கேல்லை?" என்று அன்ரி கேட்க, கிரேஸ் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துச் சொன்னார்.

"எனக்குத் தைக்கத் தெரியாது. சந்தியிலை ஏற்கெனவே ஏழு தையல்காரர் இருக்கினம்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேட்கேல்லை."

"வித்துப்போட்டு மீனை வாங்கியிருக்கலாமே, பிள்ளை!"

"நீ ஆசையாத் தந்ததை நான் எப்பிடி விப்பன்? ஒவ்வொரு நாளும் துடைச்சு வைச்சிருக்கிறன்."

இரண்டு வருடம்! இரண்டு வருடமாக அந்த நாலு பிள்ளைகளும் ஒருவேளைக் களியோடு அந்த அறையில் படுத்தெழும்பியிருக்கிறார்கள். பக்கத்தில் எங்கள் தர்மம் மினுங்கிக்கொண்டு நின்றிருக்கிறது!

அன்று பின்னேரமே அன்ரி தன் கையால் மெசினைத் தூக்கிக்கொண்டு போய், ஏழு தையல்காரரில் ஒருவருக்கு விற்றுவிட்டு வந்தார். மறுநாள் தாச்சி வந்தது. அதற்கடுத்த நாள் சைக்கிள். ஒஸ்லோவுக்குத் திரும்பியதும் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து சொன்னார்: "பிழை என்ரை. நான் அவளுக்குக் குடுத்தது என்ரை ஆசையை. அவளின்ரை பசி இருந்த இடத்திலையே இருந்தது. இனி என்ன தொழில் எண்டு நாங்கள் தெரிவுசெய்ய மாட்டம். அவையே தெரிவுசெய்யட்டும்." ஐயா, அந்தக் கூட்டத்துக்கும் நீங்கள்தான் தலைமை தாங்கினீர்கள். ஞாபகம் இருக்கிறதல்லவா?

அன்றிலிருந்து வட்டத்தின் வழக்கம் மாறியது. மூன்று மூன்று குடும்பமாகச் சேர்வார்கள். என்ன தொழில் என்று தாங்களே கூடிப் பேசிக் கடிதம் எழுதுவார்கள். பாதி முதல் போகும். தொழில் தொடங்கியதும் மீதி போகும். சனிக்கிழமை ஐந்து மணிக்கு அன்ரியும் கிரேஸும் அழைப்பு எடுப்பார்கள். லாபம் என்ன, நட்டம் என்ன என்று அன்ரி கேட்டதேயில்லை. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "நேற்று என்ன சமைச்சனீங்கள்?" பிறகு, "எத்தினை தரம்?"

அந்தக் கேள்விக்கு யாரும் பொய் சொல்ல மாட்டார்கள் என்று நம்பினார். ஒருவேளை என்றது இருவேளை ஆனது. களியோடு அவரைக்காய் வந்தது, பிறகு முட்டை வந்தது. ஒரு சனிக்கிழமை எஸ்நாத், "நேற்று மூத்தவள் பள்ளிக்கூடத்திலை சாப்பிட்டிட்டு வந்திட்டாள், களி மிஞ்சிப் போச்சு" என்று சொன்னாள். அன்ரி தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு, சலவைக்கூடத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். மிஞ்சிப் போச்சு! அந்தச் சொல்லைக் கேட்கத்தானே நீங்கள் அத்தனை ரோல்ஸ் பொரித்தீர்கள்?

வட்டம் கொடுத்த பணத்தை ஒரு பெண் தன் தாயின் செத்தவீட்டுக்குச் செலவழித்துவிட்டாள். வட்டத்தில் சிலருக்குக் கோபம். அவளை விலக்கச் சொன்னார்கள். "செத்தவீடு வந்தா ஆர் கடை திறப்பினம்? நீங்கள் திறப்பியளோ?" என்று அன்ரி கேட்டார். அவளுக்கு மறுபடி போனது. இன்று அவள் விடியற்காலை பஸ்காரருக்குத் தேநீர் விற்கிறாள்.

வேறு பேச்சும் கேட்டார். போன வருடம் ஊரில் போர் நடந்தபோது ஒருவர் தொலைபேசியில் கத்தினார்: "எங்கடை சனம் அங்கை சாகுது, உனக்கு ஆபிரிக்கா கேட்குதோ?" அன்ரியின் தம்பி வன்னியில் இருக்கும்போது அவரைப் பார்த்தா இந்தக் கேள்வி? ஆனால் அவர் கத்தவில்லை. "அங்கையும் அனுப்புறன் தம்பி. பனியிலை செருப்போடை வந்திறங்கேக்கை எனக்குச் சப்பாத்துத் தந்த நோர்வேக்காரி, நீ ஆரின்ரை சனம் எண்டு கேட்டிட்டோ தந்தவள்?" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். பிறகு அன்றைக்கு முழுக்க விரிப்புகளைக் கோணலாக மடித்தார்.

ஐயா மேசையில் விரலைத் தட்டுகிறார். நாலு ஐம்பது. தெரிகிறது ஐயா, இன்னும் கொஞ்சம்தான்.

உங்கள் ஒவ்வொருவரின் மடியிலும் ஒரு தாள் இருக்கிறது. புதன்கிழமை நிர்வாகக் குழு கூடி எடுத்த தீர்மானம். அன்ரியின் நினைவாக அந்தக் கிராமத்துக்கு முப்பது தையல் மெசின்கள். ஒவ்வொன்றிலும் பித்தளைத் தகட்டில் அவருடைய பெயர். அதோடு வட்டத்தின் பணி நிறைவு பெறும்.

இதை எழுதியவர்கள் அன்ரியில் அன்பில்லாமல் எழுதவில்லை. அழுதுகொண்டுதான் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் முப்பது வீட்டில் முப்பது மெசின் துடைத்து வைக்கப்படும்! தகட்டில் ஒரு செத்த மனுசியின் பெயர் வேறு இருந்தால், அதை யார் விற்கத் துணிவார்கள்? பக்கத்தில் பிள்ளைகள் பசியோடு படுப்பார்கள். அன்ரியின் பெயரே அவர்களைத் தடுக்கும். இதுவா அவருக்கு நாங்கள் செய்யும் மரியாதை?

இது நான் எழுதி வந்ததில் இல்லாதது. மனதில் வந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தொடக்கம் இரத்தினவேல் மாமா வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. நீங்கள்தான் சமைத்துக்கொண்டு போனீர்கள். திங்கட்கிழமை நானும் அங்கே நின்றேன். மேரியம்மா அன்ரி வாசலில் வைத்தே, "அண்ணை, உங்களுக்கு என்ன இறங்கும்?" என்று கேட்டார். மாமா, "கஞ்சி மட்டும் காணும், பிள்ளை" என்றார். மேரியம்மா அன்ரி கொண்டுவந்த சோற்றையும் கறியையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, ஹொல்ம்லியா வரை திரும்பிப் போய்க் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தார். மாமா அன்றுதான் முதன்முதல் குடித்தார். செத்தவீட்டில் கேட்டுக் கொடுக்க எங்களுக்குத் தெரிகிறது. கடல் தாண்டினால் மட்டும் ஏன் கேட்க மறந்துபோகிறோம்?

இதோ என் கையில் ஒரு கடிதம். அன்ரியின் வேலைப் பெட்டியில் இருந்தது. ஒன்பது குடும்பங்கள் எழுதியது. மூன்று குடும்பம் சைக்கிள் திருத்தும் கொட்டில் கேட்கிறது. மூன்று குடும்பம் தலைபின்னும் கடை கேட்கிறது. மூன்று குடும்பம் மீன் காயவைக்கும் பந்தல் கேட்கிறது. தையல் மெசின் ஒருவரும் கேட்கவில்லை. இன்றைய சனிக்கிழமை அழைப்பில் பதில் சொல்வதாக அன்ரி வாக்குக் கொடுத்திருந்தார். தொலைபேசிக்கு அலை கிடைக்கும் மேட்டுக்கு ஒன்பது குடும்பமும் எஸ்நாத்தோடு இப்போது ஏறியிருப்பார்கள். அங்கேயும் இதே நேரம்தான். ஆறு மணிக்கு முன் இருட்டிவிடும். இருட்டினால் அவர்கள் இறங்க வேண்டும்.

அன்ரி இல்லை என்பது அவர்களுக்கு இன்னும் தெரியாது. "என்னால் தனியாகச் சொல்ல முடியாது, நீயும் பக்கத்தில் நில்" என்று கிரேஸ் என்னிடம் கேட்டார். நான் இங்கே கதைப்பது அவருக்கு விளங்காது. எஸ்நாத் என்ற பெயர் மட்டும் விளங்கும். ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்க்கிறார். பாருங்கள், இப்போதும் பார்க்கிறார்.

தங்கேஸ்வரி அன்ரி அவர்களே! சனிக்கிழமை ஐந்து மணி அழைப்பு நிற்காது. கிரேஸ் ஒரு முனையைப் பிடிப்பார், நான் மறு முனையைப் பிடிப்பேன். இது நான் இந்தச் சபையில் கொடுக்கும் வாக்கு. மே பதினேழு வந்தால் ரோல்ஸ் பொரிப்பேன். தனியாகப் பொரிக்க வைக்காதீர்கள் என்று இங்கே இருக்கும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

ஐயா, வட்டத்தை மூட வேண்டாம். அந்தத் தாளில் தையல் மெசின் என்று எழுதிய இடத்தை வெட்டிவிடுங்கள். அந்த இடம் வெறுமையாக இருக்கட்டும். அதை அவர்கள் நிரப்பட்டும். உங்கள் பேனை என்னிடம்தான் இருக்கிறது, பேச்சாளர் பட்டியலில் கையெழுத்து வைக்கத் தந்தீர்கள். இதோ, மேசையில் வைக்கிறேன்.

நாலு ஐம்பத்தாறு. நாங்கள் வெளியே தாழ்வாரத்துக்குப் போகிறோம். எஸ்நாத்திடம் நாங்கள் முதலில் கேட்போம், நேற்று என்ன சமைச்சனீங்கள் என்று. அவள் சொல்லிவிட்டு, வழக்கம்போலத் திருப்பிக் கேட்பாள், தங்கேஸ்வரி என்ன சமைத்தார் என்று. அன்ரி வீட்டில் ஆறு நாளாக அடுப்பு மூட்டவில்லை என்று கிரேஸ் சொல்வார். அவர்கள் ஊரிலும் அது போதும், விளங்கிவிடும் என்றார்.

அவர்கள் அழுது முடிய, யாராவது ஒருவர் தங்கள் கடிதத்துக்கு என்ன பதில் என்று கேட்பார். கதவைத் திறந்தே வைக்கிறேன், ஐயா. அதற்கான பதிலை உள்ளே இருந்து உரத்துச் சொல்லுங்கள்.