பதினாலாவது குதிரை

— இடது பின்னங்கால் கொஞ்சம் சோம்பேறியா வருது. எழுதிக்கோங்க.

— எழுதிட்டேன். சோம்பேறின்னே எழுதலாமா, இல்ல குதிரைக்கு வேற வார்த்தை இருக்கா?

— சோம்பேறின்னே எழுதுங்க.

— மேடம், அது சோம்பேறித்தனம் இல்ல. நாலு வயசுதானே ஆகுது, உடம்பு இன்னும் ஒண்ணாச் சேரலை. பின்பக்கம் ஒரு விரல் உசரமா இருக்கு பாருங்க. வளர்ற பிள்ளை அப்படித்தான் இருக்கும். பொய் சொல்லி எனக்கென்ன ஆகப்போகுது?

— பின்பக்கம் உசரம். அதையும் எழுதிக்கோங்க.

— எழுதிட்டேன். அண்ணே, நீங்க வாயைத் தொறந்தா அதுவும் குறையிலதான் சேருது. உங்க குதிரையை நீங்களே காட்டிக் குடுக்காதீங்க.

— என்னங்க, நீங்க யார் பக்கம்?

— நான் நோட்டு பக்கம்.

— காலையில இதை ஓடவிட்டுக் களைப்பாக்கி வச்சிருக்கீங்களா? உண்மையைச் சொல்லுங்க. போன மாசம் ஒருத்தர் விடியகாலையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டு, குளிப்பாட்டி நிறுத்திட்டு, சாதுவான குதிரைன்னு காட்டினாரு. முதுகைத் தொட்டா ஈரம்.

— அதுக்குத்தானே மேடம், நீங்க வர்ற வரைக்கும் நான் லாயத்துக் கதவைக்கூட தொறக்கலை. உங்க முன்னாடிதான் வெளிய கொண்டுவந்தேன், உங்க முன்னாடிதான் சேணம் போட்டேன். இந்தத் தகரக் கூரையில மழை இவ்வளவு சத்தமா அடிக்குது. காதையாவது திருப்புச்சா?

— அதானே, ஏன் திருப்பலை? காது கேக்குமா இதுக்கு?

— எழுதட்டுமா?

— எழுதுங்க. காது சந்தேகம்.

— காதெல்லாம் நல்லாவே கேக்கும் மேடம். சாரோட பாக்கெட்டுல இருக்கிற பேப்பர் சத்தத்துக்கு எப்படித் தலையை நீட்டுது பாருங்க.

— ஆமா, அது எதுக்கு உங்களையே மோந்து பாக்குது? பாக்கெட்டுல என்ன வச்சிருக்கீங்க?

— கேரட்.

— எதுக்கு?

— ஒரு மணி நேரம் நிக்கணும். எனக்குப் பசிக்காதா?

— இதுவரைக்கும் எத்தனை குதிரை மேடம் பாத்திருக்கீங்க?

— பதிமூணு.

— இதோட பதினாலு, அண்ணே. ஒண்ணரை வருஷம். ஊர்ல எல்லாரும் ஞாயித்துக்கிழமை தூங்குவாங்க. நான் யாரோ ஒருத்தரோட குதிரைக்கு முழங்கால் நேரா இருக்கான்னு குனிஞ்சு பாத்துக்கிட்டிருப்பேன்.

— பதிமூணும் வேணாம்னுட்டீங்களா? அப்படி என்னதான் குறை?

— படிச்சுக் காட்டுங்க, அவரும் தெரிஞ்சுக்கட்டும்.

— ஒண்ணாவது, கழுத்து கட்டை. ரெண்டாவது, கழுத்து நீளம். அஞ்சாவது, ரொம்ப ஆர்வம். ஆறாவது, ஆர்வமே இல்ல. ஒன்பதாவது, என்னை ஒரு மாதிரி பாத்துச்சு.

— அது நிஜமாவே ஒரு மாதிரிதான் பாத்துச்சு.

— நான் இல்லைன்னு சொல்லலையே. எழுதியிருக்கேனே.

— மேடம், உங்களுக்கு டிரெஸ்ஸாஜுக்குத்தானே வேணும்?

— ஆமா. பெரிய போட்டிக்கெல்லாம் போறவ இல்ல நான். காலையில ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடணும், சாயங்காலம்தான் குதிரை. ஆனா செய்யிறதை ஒழுங்கா செய்யணும்.

— அது என்ன விளையாட்டுன்னு எனக்கு இன்னும் புரியலை, அண்ணே. குதிரை ஓடுறதுக்குன்னே பொறந்தது. இவங்க அதை ஓடவிடாம வட்டமா நடக்கவச்சு, நடுவுல கொண்டுபோய் நிறுத்தி, மார்க்கு போடுறவருக்கு ஒரு வணக்கம் வச்சிட்டு வந்துடுவாங்க. அதுக்கு வருஷக்கணக்கா பயிற்சி.

— கல்யாணமாகி இருபது வருஷமா இதைத்தான் சொல்றாரு.

— பாருங்க மேடம், வாங்க வர்ற எல்லாரும் துள்ளி ஓடுறதைப் பாத்துத்தான் மயங்குவாங்க. ஓட்டத்தைப் பழக்கி எடுத்துடலாம். நடை மட்டும் பொறவியிலயே வரணும், இதுக்கு வந்திருக்கு. அதைவிட மனசு. நாள் பூரா வேலை பாத்துட்டு அலுத்துப்போய் வர்ற ஆளைத் தாங்கிக்கிற மனசு வேணும். அது இல்லாம மத்ததெல்லாம் இருந்து என்ன பிரயோஜனம்?

— கால் எக்ஸ்ரே குடுங்க.

— டாக்டர் எழுதிக் குடுத்த ரிப்போர்ட்டே இருக்கு மேடம்.

— ரிப்போர்ட் வேணாம், படத்தைக் குடுங்க. தினம் நாப்பது பேருக்கு எக்ஸ்ரே எடுக்குறவ நான். எலும்பு என்ன சொல்லுதுன்னு நானே பாத்துக்குவேன்.

— குடுத்துடுங்க, அண்ணே. வீட்டுல கோழிக்கறியைக்கூட வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டுத்தான் சாப்பிடுவா.

— ம்ம்... இதுவும் சரி... இதுவும் சரிதான். எல்லாம் நல்லாத்தான் இருக்கு.

— என்ன எழுத?

— எடுத்த ஆளு கொஞ்சம் கோணலா வச்சு எடுத்திருக்கான்.

— அது குதிரையோட குறையா?

— எழுதுங்கன்னா எழுதுங்களேன்.

— எழுதிட்டேன்.

— மேடம், நான் ஏறி நடக்கவச்சுக் காட்டிட்டேன், ஓடவச்சுக் காட்டிட்டேன். இப்ப நீங்க ஒரு தடவை ஏறிப் பாருங்க. அந்தப் படியைக் கொண்டுவந்து போடுறேன்.

— வேணாம். கீழ இருந்தே தெரியுது.

— கீழ இருந்து என்ன மேடம் தெரியும்? செருப்பு வாங்கினாலே போட்டுப் பாக்குறோம்.

— பதிமூணையும் கீழ இருந்துதான் பாத்தா, அண்ணே.

— என்னங்க!

— இதை மட்டும் நோட்டுல எழுதலைம்மா. வாயாலதான் சொன்னேன்.

— ஒண்ணுல கூட ஏறலையா மேடம்?

— ஏறலை. போதுமா? ரெண்டு வருஷம் முன்னாடி விழுந்தேன். குதிரையைக் குத்தம் சொல்ல முடியாது. எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் கவர் பறந்து வந்துச்சு, அது மிரண்டுடுச்சு. தோள்ல தகடு, ஆறு ஸ்குரூ. என் படத்தை என் கம்ப்யூட்டர்லயே போட்டு நானே எண்ணினேன். அதுலேருந்து அந்தப் படி வரைக்கும் போவேன், காலைத் தூக்க வரமாட்டேங்குது. கழுத்து கட்டை, கழுத்து நீளம்னு ஏதாவது சொல்லிட்டுத் திரும்பிடுவேன். பயமா இருக்குங்க. வேற ஒண்ணும் இல்ல.

— இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்.

— இன்னைக்கும் முடியலைன்னா என் சேணத்தை யாருக்காவது குடுத்துட்டு இதோட விட்டுடுறேன்னு சொல்லிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். கேட்டுப் பாருங்க இவரை.

— சொன்னா. கார்லதான் இருக்கு சேணம். வர்ற வழியெல்லாம் அதை மடியில வச்சுக்கிட்டுத்தான் வந்தா.

— மேடம், பொய் சொல்லி எனக்கென்ன ஆகப்போகுது? நாலு வயசுக் குதிரையையும் பயந்துபோன ஆளையும் நான் சேத்து வைக்கவே மாட்டேன். வேற குதிரையா இருந்தா இப்பவே போயிட்டு வாங்கன்னு அனுப்பிடுவேன். இது வேற.

— விக்கிறவங்க எல்லாரும் சொல்ற வார்த்தைதான் இது.

— ஏழு வாரமா ஒருத்தர் இங்க வர்றாரு, மேடம். வாரத்துல ரெண்டு நாள், விடிஞ்சதும். குதிரைக்கு நாலு கால்ங்கிறதைத் தவிர அவருக்கு ஒண்ணும் தெரியாது. பழகாத குதிரை மேல பழகாத ஆளை ஏத்தினா ரெண்டுக்கும் கெடுதல், முடியவே முடியாதுன்னேன். விழுந்தா நான்தானே விழப்போறேன்னு ஒரே பிடிவாதம். சரின்னு நான் கயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே நடந்தேன். சிமென்ட் மூட்டையை ஏத்தி வச்ச மாதிரி உக்காருவாரு. பிடரி முடியைப் பிடிச்சுத் தொங்குவாரு. ஒரு நாள் மேல உக்காந்துக்கிட்டே குடையை விரிச்சாரு.

— குடையா? எதுக்கு?

— மிரளுதான்னு பாக்கவாம். அடுத்த தடவை வர்றப்ப ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து, மேல உக்காந்தபடியே அதோட கண்ணு முன்னாடி படபடன்னு ஆட்டினாரு.

— ஐயையோ. குதிரை என்ன பண்ணுச்சு?

— நின்னுச்சு. கழுத்தைத் திருப்பிக் கவரை மோந்து பாத்துச்சு. கவரை ஆட்டின வேகத்துல அவருதான் தானாச் சரிஞ்சு விழுந்தாரு. குதிரை ஒரு அடி நகரலை. விழுந்த ஆளைக் குனிஞ்சு பாத்துக்கிட்டே நின்னுச்சு. எந்திரிச்சு மண்ணைத் தட்டிட்டு, இன்னொரு தடவைன்னாரு.

— யாருங்க அந்தக் கிறுக்கன்? அவருக்கு எதுக்கு இந்த வேலை? இதை வாங்கப் போறாரா?

— வாங்கலை. எதுக்குன்னு நானும் துருவிக் கேட்டுக்கலை. யாருன்னு சொல்லக்கூடாதுன்னு வாக்கு வாங்கியிருக்காரு, மேடம்.

— நான் அந்த ஆளுகிட்ட பேசியே ஆகணும். நீங்க விக்கிறவரு, உங்க பேச்சை வச்சு என்னால காலைத் தூக்க முடியாது. இது மேலேருந்து விழுந்த ஆளு சொன்னா நம்புவேன். சத்தியமா, அவரு ஏறுன்னு சொன்னா இப்பவே ஏறிடுறேன். நம்பரைக் குடுங்க. என்னங்க, நோட்டை ஏன் மூடுறீங்க? நம்பரை எழுதுங்க.

— எழுத வேணாம்மா, உன் போன்லயே இருக்கு. இடது பக்கம் திரும்புறப்ப மட்டும் கொஞ்சம் உள்ள சாயும், அப்ப பிடரி முடியைப் பிடிச்சுக்கோ, மத்தபடி ஒண்ணும் பண்ணாது, ஏறு.