ஆணியில் இருந்த படம்

ஹலோ... ஹலோ, அண்ணா... ஓம், நான்தான், அருள். கேக்குதா?... கொஞ்சம் பொறுங்க, குசினிக்குள்ள போயிட்டுக் கதைக்கிறன். ஹோலுக்க பதியுதீன் மாஸ்டர் இருக்கிறார்... ஓம், ஓம், சமாதான நீதவான், ஜே.பி.தான். நீங்க சொன்னீங்க எண்டு சீலும் கையுமா வந்து அரை மணித்தியாலமாச்சு. பிளேன்ரீயும் குடிச்சு முடிச்சிட்டார்.

இல்ல... இன்னும் சைன் வைக்கேல்ல. அதுக்குத்தான் எடுத்தனான்... ஓம், சத்தியக்கடதாசியை வாசிச்சனான். ரெண்டுதரம் வாசிச்சனான். புதுக்கடைக் கோட்டு லோயர் நல்லாத்தான் எழுதியிருக்கிறார். "எனது அப்பப்பா இராணுவ உடையில் இருந்த படத்தைப் பொலிஸார் எடுத்துச் சென்றதை நான் என் கண்ணால் கண்டேன்" எண்டு போட்டிருக்கு... ஓம், நீங்க சொன்னபடிதான். கீழ என்ட பேர், அருள்நாயகி எண்டு முழுசா... அண்ணா, பைபிளில கைவச்சுச் சத்தியம் பண்ணோணும்.

சும்மா ஃபோர்மாலிட்டியா? கனடாவில இருந்துகொண்டு அப்பிடிச் சொல்லலாம்... சரி, கோவிக்காதீங்க... இல்ல, நான் இழுத்தடிக்கேல்ல... ஓம், தெரியும். பொலிஸிட்ட இருந்து படத்தைத் திருப்பி எடுக்க ரெண்டு மாசமா லோயரோட அலைஞ்சதும் தெரியும்.

நான் ஒண்டு கேக்கிறன், சொல்லுங்க. எண்பத்து மூண்டுக் கலவரத்தில வீடு எரியேக்க அப்பப்பா என்னத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்?... ஓம். மெடல் போச்சு, அலுமாரி போச்சு, அம்மாட கல்யாணச் சேலை போச்சு. அந்தப் படத்தை மட்டும் சட்டைக்குள்ள செருகிக்கொண்டு கோயிலுக்கு ஓடி வந்தவர்... படத்தில பக்கத்தில நிண்ட தன்ர தம்பியில அவ்வளவு உசிர். ரெண்டு பேரும் ஒண்டாத்தானே வெள்ளைக்காரன்ட ஆமிக்குப் போனவை. அலெக்சாந்திரியாவில படம் எடுத்து ஒரு மாசத்தில சவிரிமுத்து கப்பலோட கடலுக்க தாண்டு போனவர். கல்லறை எண்டு ஒண்டும் இல்ல. அதாலதான் அப்பப்பா விடியக் காலையில அந்தப் படத்துக்குச் சலூட் அடிக்காமத் தேத்தண்ணி குடிக்கமாட்டார்... ஓம், நாங்களும் பின்னால நிண்டு அடிப்பம். நீங்க இடக்கையால அடிச்சுப் பேச்சு வாங்குவீங்க.

...சிரிக்காதீங்க அண்ணா. இப்ப சிரிக்காதீங்க.

படத்தைப் பொலிஸ் எடுக்கேல்ல.

...கேக்குதா? பொலிஸ் எடுக்கேல்ல... நான்தான் எரிச்சனான்.

...ஓம்... ஓம், நான்தான். இந்தக் குசினிக்குள்ளதான், அப்ப விறகடுப்பு... பயத்தில அண்ணா, வேற என்னத்துக்கு? நீங்க கனடா போய் ரெண்டு வருஷம். ஒழுங்கை முழுக்க றவுண்டப், ஒவ்வொரு வீடா வாறாங்கள். முன்வீட்டுப் பெடியன்ட அலுமாரிக்குள்ள ஒரு காக்கிக் காற்சட்டை கிடந்தது எண்டு, புலி எண்டு சொல்லி அவனை ஏத்திட்டாங்கள். எங்கட சுவரில ரெண்டு தமிழ்ப் பெடியங்கள், யூனிபோம், தொப்பி, கையில துவக்கு. அது எந்தக் காலத்துப் படம், எவன்ட ஆமி எண்டு விசாரிச்சுக்கொண்டா நிப்பாங்கள்?... எனக்கு இருபத்தொரு வயசு. கழட்டினன், கண்ணாடியை உடைச்சன், அடுப்புக்க வச்சன்.

பொறுங்க, இன்னும் முடியேல்ல. கேளுங்க... வந்தாங்கள். அப்பப்பா பயப்பிடவே இல்ல. நல்ல சிங்களத்தில, மாத்தயா, நானும் சண்டைக்குப் போன ஆள்தான், வாங்க காட்டுறன் எண்டு கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினார்... ஆணிதான் இருந்தது. ஆணியும், படம் இருந்த இடத்தில பளிச்செண்டு வெள்ளைச் சுண்ணாம்பும்... முதல்ல சிரிச்சாங்கள். பிறகு, என்னத்தைக் கழட்டி ஒளிச்சீங்க எண்டு கேட்டாங்கள். நான் வாய் திறக்கேல்ல. எழுபத்து மூண்டு வயசு மனிசனை ஜீப்பில ஏத்திக்கொண்டு போய் விடியும் வரைக்கும் ஸ்டேஷன் வாங்கில இருத்தி வச்சாங்கள்.

...ஓம், அழுறன்தான். விடுங்க.

மாஸ்டர்... இந்தா வாறன், ரெண்டு நிமிஷம் இருங்க.

...ஓம் அண்ணா, இருக்கிறன். அடுத்த நாள் வந்தார். கால் ரெண்டும் வீங்கி. நேரா குசினிக்குள்ள வந்து அடுப்பைப் பாத்தார். சாம்பலுக்குள்ள கண்ணாடித் துண்டு கிடந்தது. ஒண்டும் கேக்கேல்ல. பின்னேரம் நீங்க கடை போனுக்கு எடுத்தீங்க, ஞாபகமிருக்கா? படத்தைப் பொலிஸ் கொண்டு போயிட்டாங்கள் எண்டு அவர்தானே உங்களுக்குச் சொன்னவர். நான் பக்கத்தில நிண்டனான். என்னைப் பாத்துக்கொண்டுதான் சொன்னவர்.

...இல்ல, அதைப் பற்றி என்னோட ஒரு வார்த்தை பேசேல்ல. அடுத்த வருஷம் சாகும் வரைக்கும் பேசேல்ல. விடிய எழும்பி அந்த ஆணிக்குச் சலூட் அடிச்சுப்போட்டுத் தேத்தண்ணி குடிப்பார். நான்தான் ஊத்திக் குடுக்கிறது.

...திட்டுங்க. ஒவ்வொரு டிசம்பரும் நத்தாருக்குக் கோல் எடுத்து "அந்தக் கள்ளன்கள்" எண்டு பொலிஸைத் திட்டுவீங்க. முப்பத்து நாலு வருஷமா ஓம், ஓம் எண்டு கேட்டுக்கொண்டு இருந்தனான். அந்தத் திட்டெல்லாம் எனக்குத்தான்...

என்னது?... அவர் சொன்னதையே நானும் சொல்லிச் சைன் வைக்கட்டோ?... இல்ல அண்ணா. அவர் என்னைக் காப்பாத்தச் சொன்னவர். நான் யாரைக் காப்பாத்தச் சொல்றது?... மனுப்போட்டு என்ன, இல்லாத படத்தை அவங்கள் எங்க போய்த் தேடுறது?... மாட்டன். இல்ல, மாட்டன். மாஸ்டரை அனுப்பப் போறன்.

...அண்ணா? அழுறீங்களா?...

...சவிரிமுத்துட முகமா?... ஏன் இப்ப கேக்கிறீங்க?... அய்யோ... நீங்க படத்தைத் தேடினது இதுக்காகவா?... எப்ப இருந்து?... டொக்டர் என்ன சொன்னவர்?... சரி, சரி, ஞாபகம் எல்லாம் ஒரேயடியாப் போகாது. பயப்பிடாதீங்க. அப்பப்பாவை மறக்கமாட்டீங்க, அவரோட வளந்தனாங்கள்தானே...

தம்பிக்காரன்... பொறுங்க, சொல்றன். வலப்பக்கம் நிண்டவர். தொப்பி ஒரு பக்கம் சரிஞ்சிருக்கும். பெல்ட் அளவில்ல, தொங்கும். ஒரு கை அப்பப்பாட தோளில... ஓம், ஓம், அந்தக் கைதான்... முகம்... வருது, பொறுங்க... எரியேக்க அந்தப் பக்கம்தான் முதல்ல பிடிச்சது. நான் பாக்கேல்ல. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிண்டனான்...

...எனக்கும் வருகுதில்ல அண்ணா.

...மீசை இருந்ததா? அதையாவது சொல்லுங்க. நீங்க மூத்தவர், என்னை விடக் கூடப் பாத்தனீங்க. மீசை இருந்ததா, இல்லையா?... அண்ணா?... ஹலோ... அண்ணா, வச்சிட்டீங்களா... ஹலோ...