ஸ்டேயில் நிற்கிற வண்டி

வேணுகோபால்: கார் வந்துக்கினு இருக்குது. ஃபைலை ஏன் மடியில கட்டிப் புடிச்சுக்கினு உக்காந்திருக்கே? குடும்மா.

பவ்யா: ஒரு விஷயம் பேசணும் சார்.

வேணுகோபால்: கார்ல பேசு. பத்தரைக்கு பெங்களூர்ல அப்பீல் அதிகாரி முன்னாடி நிக்கணும். டெண்டரை நிறுத்தி நாம வாங்கின ஸ்டேயை இன்னிக்கு நீட்டிச்சுட்டா போதும். ஜெயிச்சவன் ஆர்டர் தானா ரத்தாவும். முனிசிபாலிட்டிக்கு சாக்கடை உறிஞ்சற வண்டி அப்புறம் நம்ம கம்பெனிதான் குடுக்கும்.

பவ்யா: அப்பீலை வாபஸ் வாங்கிடலாம் சார்.

வேணுகோபால்: இன்னாது?

பவ்யா: வாபஸ்.

வேணுகோபால்: காலைல டீ கூட குடிக்காம வந்தியா... இந்தா, வீட்ல பத்மா இட்லி கட்டிக் குடுத்திருக்குது. துன்னு மொதல்ல. வெறும் வயித்துல எல்லாருக்கும் இப்படித்தான் யோசனை வரும்.

பவ்யா: பசி இல்ல சார். திங்கக்கிழமை கோரமண்டல் லைன்ல ஏழு கக்கூஸ் குழி எடுக்கப் போறாங்க. ஆளை இறக்கித்தான். இன்னிக்கு நாம வாபஸ் வாங்கினா அதுக்குள்ள வண்டி ஓடும்.

வேணுகோபால்: அந்த ஓட்டையைக் கண்டுபிடிச்சதே நீதானம்மா. ஜெயிச்சவன் வெச்ச அனுபவ சர்டிபிகேட்டு, டெண்டர் முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு வாங்கினதுன்னு நீதான் ஓடி வந்து காட்டினே. வக்கீலே அசந்துட்டாரு. உன் பொண்ணான்னு கேட்டாரு என்னை.

பவ்யா: நீங்க இன்னா சொன்னீங்க?

வேணுகோபால்: மாதிரின்னேன்.

பவ்யா: அவங்க பண்ணது தப்பு, நம்ம பாயிண்ட் சரி. அதான் சார் வயிறு எரியுது. நாம பொய் சொல்லியிருந்தாகூட இவ்ளோ எரியாது.

வேணுகோபால்: அப்ப தில்லுமுல்லு பண்ணவன் ஜெயிக்கட்டும்னு சொல்றே?

பவ்யா: ஜெயிக்கட்டும். அவங்க வண்டி நல்ல வண்டி. நாலு மாசமா யார்டுல பூட்டிக் கிடக்குது, காக்கா எச்சம் போட்டுக்கினு. நம்ம ஸ்டேயால. அது ஓடாததாலதான் போன செவ்வாய்க்கிழமை மைசூர் மைன்ஸ் லைன்ல குழிக்குள்ள இறங்கி ஜோஸ் மாமா போனாரு.

வேணுகோபால்: பாவம்... நானும் வந்து மாலை போட்டேன். பாத்தேல்ல?

பவ்யா: பாத்தேன். உங்க மாலைதான் பெருசு.

வேணுகோபால்: குடிச்சிருந்தான்னு சொல்றாங்களே...

பவ்யா: யாரு, ஜோஸ் மாமாவா? சர்ச்சுல குடுக்கற ஒரு சொட்டு வைனுக்கே மூஞ்சைச் சுளிக்கற ஆளு.

வேணுகோபால்: நான் சொல்லலம்மா. ஊர் சொல்லுது.

பவ்யா: ஊரு இல்ல சார். ஒருத்தரு சொல்றாரு. எப்படி செத்தாருன்னு தெரியுமா உங்களுக்கு?

வேணுகோபால்: வாயு அடிச்சிருக்குது. வேற இன்னா.

பவ்யா: அடிச்சவுடனே அவருக்குத் தெரிஞ்சு போச்சு. இடுப்புல கட்டின கயித்தை மூணு தடவை இழுத்தாரு. தங்க மைன்ஸ்ல ஷாஃப்டுக்குள்ளர்ந்து ஆளை மேல தூக்கணும்னா மூணு தடவை மணி அடிப்பாங்க. மைன்ஸை மூடி இருபத்தஞ்சு வருஷம் ஆகப் போவுது, அவர் கை இன்னும் அதை மறக்கல. மூணு இழுத்தாரு, மறுபடி மூணு இழுத்தாரு...

வேணுகோபால்: தூக்க வேண்டியதுதானே, மேல இருந்தவன்?

பவ்யா: மேல இருந்தவருக்கு அது தெரியாது. அவங்க வீட்ல யாரும் மைன்ஸ்ல இறங்கினதில்ல. இன்னும் கயிறு கேக்கறாருன்னு நெனச்சு விட்டுக்கினே இருந்திருக்காரு. அடுத்த குழிகிட்ட நின்ன தாமோதரன் மாமா, அவரும் பழைய மைன்ஸ் ஆளு, பாத்துட்டு கத்திக்கினே ஓடி வந்தாரு. வந்து புடிச்சா... கயித்துல இழுப்பே இல்ல.

வேணுகோபால்: நேரமாவுதும்மா, கெளம்பு.

பவ்யா: மேல நின்னது யாருன்னு கேக்க மாட்டீங்களா?

வேணுகோபால்: எனக்கு இன்னா தெரியும். முனிசிபாலிட்டி ஆளுங்க யாராச்சும் இருப்பாங்க... ஹாரன் அடிக்கிறான் பாரு, எழுந்திரு.

பவ்யா: அடிக்கட்டும். நரேஷ் சார்தான் நின்னாரு. உங்க மச்சான். குடிச்சிருந்தாருன்னு சொல்றதும் அவருதான்.

வேணுகோபால்: அவன் சும்மா பாத்துக்கறதுக்கு...

பவ்யா: கான்ட்ராக்டே அவர் பேர்லதான சார் இருக்குது. வண்டி ஓடாத வரைக்கும் கையால அள்ளற கான்ட்ராக்டு. பேரு அவருது, வேலை உங்களுது. கொட்டேஷனை இதே டேபிள்ல உக்காந்து நான்தான அடிச்சேன். ‘மண் அகற்றும் பணி’ன்னு போடச் சொன்னீங்க.

வேணுகோபால்: மெதுவா பேசு. வெளிய ஆள் இருக்குது.

பவ்யா: மண்ணு எங்க சார் இருக்குது அதுல? ஆளை வெச்சு மலம் அள்ளறதுன்னு இருக்கறதை எழுதினா சட்டம் புடிக்கும்னு மண்ணுன்னு எழுதினோம். ஸ்டே நீண்டா அந்த வேலையும் நீளும். டெண்டர்ல தோத்துட்டும் சம்பாதிக்கறது நீங்க ஒருத்தர்தான்.

வேணுகோபால்: நான் எடுக்கலன்னா இன்னொருத்தன் எடுப்பான். கழுத்தைப் புடிச்சா இறக்கினேன்? கூப்பிட்டா வந்து நிக்கிறானுங்க. இவ்ளோ வாய் பேசறியே, பி.காம் முடிச்சுட்டு எங்க உக்காந்திருந்தே நீ? நான் கூப்பிடலன்னா விடிகாலைல பெங்களூர் ரயில்ல தொங்கிக்கினு போயிருப்பே.

பவ்யா: போயிருப்பேன். நம்ம ஊரு ஆண்டர்சன்பேட்டைலயே வேலை கெடைச்சுதேன்னு நாலு மாசம் வாயை மூடிக்கினேன். போதும் சார்.

வேணுகோபால்: சரி... நான் ஒண்ணு பண்றேன். மாஸ்க் வாங்கித் தரேன், நல்ல மாஸ்க்கு. ஜோஸ் பொண்டாட்டி அமலாவுக்கு ஏதாச்சும் பண்றேன். அப்பீலை மட்டும் கெடுக்காதே. ஒம்போது மாசம் ஓடியிருக்கேன் அந்த டெண்டருக்கு.

பவ்யா: கொட்டேஷன், முனிசிபாலிட்டி குடுத்த வேலை உத்தரவு, ரெண்டையும் ஃபைல்ல கடைசியில சேத்துட்டேன். வாபஸ் வாங்கறதா இருந்தா சொல்லுங்க, உருவிடறேன். இல்லன்னா அதிகாரிகிட்ட நானே எடுத்து நீட்டுவேன்.

வேணுகோபால்: மிரட்டறியா?

பவ்யா: ஆமா.

வேணுகோபால்: நீட்டு. நல்லா நீட்டு. எல்லாத்தையும் அடிச்சது எவ கை? குழிக்குள்ள யார் யார் இறங்கணும்னு லிஸ்ட் அடிச்சது யாரு? நரேஷ் இல்ல, நான் இல்ல. நீ. போலீஸ் வந்தா மொதல்ல உன் பேருதான் சொல்லுவேன்.

பவ்யா: சொல்லுங்க.

வேணுகோபால்: அமலா மூஞ்சியில எப்படிடி முழிப்பே? அத்தை அத்தைன்னு அவ வீட்லயே வளந்தவ.

பவ்யா: நேத்து சாயங்காலம் போய்ச் சொல்லிட்டேன். கதவைச் சாத்திட்டாங்க.

வேணுகோபால்: பைத்தியக்காரி... இன்னான்னு சொன்னே? நரேஷ் சொன்ன பேரைத்தானே நீ அடிச்சே? உன் தப்பு இன்னா இருக்குது அதுல?

பவ்யா: நரேஷ் சார் சொன்ன பேரு மனோகர். எங்கப்பா சார். எனக்குத் தெரியாம அவரே போய் பேரு குடுத்திருக்காரு. அவரு நெஞ்செல்லாம் மைன்ஸ் தூசு, இறங்கினா ஏற மாட்டாரு... பேரை அழிச்சுட்டேன். ஜோஸ் மாமா வீட்டுக்குப் போய், ஒருநாள் வேலை இருக்குது வாங்கன்னு கூப்பிட்டு, அந்த எடத்துல அவர் பேரை அடிச்சேன். அவரு உள்ள மூச்சைத் தம் புடிச்சுத் தாங்குவாருன்னு நெனச்சேன்.