அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள்

முதலில் உட்காருங்கள். இந்த மாடிப்படி யாருக்கும் மூச்சு வாங்கவைக்கும். எனக்கே இப்போதெல்லாம் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கீழே சாவி செய்கிறவர் மெஷினை நிறுத்தும்வரை கொஞ்சம் இரைச்சலாக இருக்கும்.

உங்கள் கணவர் சனிக்கிழமைகளில் எங்கே போகிறார் என்று ரொம்ப நாள் உங்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் வகுப்பு என்று சொல்லியிருந்தாராம். இந்த அறைக்குத்தான் வந்துகொண்டிருந்தார். சின்ன வயதில் கூடப் படித்த பிள்ளைகளாலேயே வதைபட்டவர்கள் இங்கே கூடுகிறார்கள். தலை நரைத்தவர்கள்கூட இருக்கிறார்கள். பெரியவர்கள் செய்திருந்தால் யாராவது நம்புவார்கள். பையன்களுக்குள் நடந்தது என்றால் விளையாட்டு என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அதனால் என்னிடம் வந்து சொல்வார்கள். பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை. அசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் கணவருக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிற வேலை, இருட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டியது. அவரால் சாத்த முடியாது. ஒரு செருப்பைக் கதவிடுக்கில் வைத்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். வீட்டில் எவ்வளவு குளிரடித்தாலும் போர்வை போர்த்தமாட்டார், இல்லையா? உடம்புச் சூடு என்று உங்களிடம் சொல்லியிருப்பார். ஹாஸ்டலில் மற்ற பையன்கள் அவரை மெத்தைக்குள் சுருட்டி, கயிற்றால் கட்டி, மேலே ஏறி உட்கார்ந்து சீட்டு விளையாடுவார்களாம். கால்பந்து டீமின் கேப்டன்தான் முதலில் உட்காருவான். அவர்கள் அவருக்கு வைத்த பெயர் மூட்டை. அந்த ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. சொன்ன அன்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விரல்கள் மரத்துப்போயின. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அவர் தேறினார். உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒரு சனிக்கிழமை சிரித்த முகமாக வந்து, "அக்கா, இன்னிக்கு கதவ முழுசா சாத்திட்டு நாலு பேருக்குக் கண்ணு பாத்தேன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கிளம்பும்போது, வீட்டில் நீங்கள் முழுகாமல் இருப்பதாகவும், அடுத்த மாதத்திலிருந்து வரப்போவதில்லை என்றும் சொன்னார். "இனி சனிக்கிழமை வீட்டுல இருக்கலாம்னு பாக்கறேன்கா." அவசரப்படாதீர்கள் என்று சொல்லிப்பார்த்தேன், சிரித்துக்கொண்டே படியிறங்கிவிட்டார்.

போகிறவர்கள் எப்படிப் போவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. முன்பு ஒரு பியூட்டி பார்லர்காரி வந்துகொண்டிருந்தாள். அவள் தூங்காத இரவுகளில் போனில் நானும் தூங்காமல் இருந்திருக்கிறேன். குணமாகிப் போனாள். பிறகு ஒருநாள் காய்கறிக் கடையில் பார்த்தபோது, கூட இருந்த கணவனிடம், "முன்னாடி எங்க தெருவுல இருந்தவங்க" என்று என்னைக் காட்டிவிட்டு, தக்காளி பொறுக்கத் திரும்பிக்கொண்டாள். எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் அவசரப்பட்டுக் கிளம்புகிறவர்கள் என்றாவது ஒருநாள் தனியாக விழுவார்கள் என்பது அன்றைக்குத் தெளிவாகப் புரிந்தது. விழத்தான் போகிறார்கள் என்றால், பக்கத்தில் ஆள் இருக்கும்போதே விழுவது நல்லது.

கேப்டனைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். குளியலறைக்குப் பார்க்க வந்ததுபோல் போனேன். தொப்பை போட்ட, நல்ல பேச்சுக்காரர். உங்கள் கணவரின் பெயரைச் சொன்னதும் அவருக்குப் பிடிபடவில்லை. ஹாஸ்டலைச் சொன்ன பிறகு முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம மூட்டையா? செம ஜாலியா இருப்போம் மேடம் அப்ப எல்லாம். என்னை ஞாபகம் வச்சிருக்கானா?"

"தினமும் நினைச்சுக்கறார்" என்றேன். அதில் பொய் இல்லை.

"போய்ப் பாக்கணுமே."

"கண் டெஸ்ட்டுக்குப் போற மாதிரி போங்க. யாருன்னு முதல்ல காட்டிக்காதீங்க. கதவ சாத்தி விளக்க அணைப்பார். அப்புறம் அந்தப் பேரைச் சொல்லியே கூப்பிடுங்க. ஒரு சர்ப்ரைஸா இருக்கும்."

அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். கெட்ட மனுஷர் இல்லை. வாசல்வரை வந்து எனக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

கேப்டன் போன அன்று அந்த இருட்டறையில் நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கடைப் பையன்கள் மேஜைக்கு அடியிலிருந்து அவரை வெளியே கொண்டுவர வெகுநேரம் ஆனது என்று கேள்விப்பட்டேன். கேப்டனுக்கு என்ன செய்தோம் என்றே புரியவில்லையாம். மன்னிப்புக் கேட்க உங்கள் வீடு தேடி வந்து, ஒரு மேடம் சொல்லித்தான் போனேன் என்று உளறி, நான் கொடுத்திருந்த நம்பரையும் உங்களிடம் காட்டிவிட்டார். அப்படித்தானே நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள்?

அந்த மேடம் நான்தான். மறுக்கவில்லை. கடை முகவரியும் நான் கொடுத்ததுதான். விளக்கு அணையும்வரை காத்திருக்கச் சொன்னதும் நான்தான். அவர் வேலையை விட்டதற்கும், மொட்டைமாடியில் வெட்டவெளியில் படுப்பதற்கும், உங்கள் வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவதற்கும் காரணம் நான் என்றால், சரி, நான்தான்.

ஆனால் நீங்கள் பார்க்காத ஒன்றும் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை சவரம் செய்யாத முகத்தோடு வந்து இதோ இங்கே உட்கார்ந்தார். "நீங்க சொன்னது சரிக்கா. அவசரப்பட்டுட்டேன்" என்றார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். குழந்தை மாதிரி அடங்கிப்போனார். அன்று நான் நன்றாகத் தூங்கினேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம்.

நேராக வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லப்போவதாகச் சொல்கிறீர்கள். சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. இவ்வளவு நாள் நம்பியவளே இப்படிச் செய்தாள் என்று தெரிந்தால் மனுஷர் இடிந்துபோவார். அந்த நேரத்தில் அவரைத் தனியாக விடாதீர்கள். உடனே ஒரு ஆட்டோவில் ஏற்றி என்னிடம் அனுப்பிவையுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.